செவிலியின் மகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையின் பொருள் மருத்துவமனையைச் சார்ந்தது. ஆயினும் அதற்குள் நுழையும் வாயில் இலக்கியத்தில் இருக்கிறது. பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்ணொருத்தி செவிலியப் படிப்பும் படித்து, நோயாளியின் படுக்கையருகே நின்று பணியும் செய்கிறாள். தாய்மை, கல்வி, நோயாளர் பணி என்னும் மூன்றையும் அவள் எவ்வாறு ஒருங்கே நடத்துகிறாள் என்று வியப்போர், பெரும்பாலும் அவளுடைய பொறுமையையும் மனவுறுதியையும் பாராட்டி அமைந்துவிடுவர். பாராட்டுவது தவறன்று. ஆனால் அப்பாராட்டு, கேட்டிருக்க வேண்டிய வேறொரு வினாவை மறைத்துவிடுகிறது. அவள் வார்டில் நிற்கும் நேரத்தில் அவள் குழந்தை எங்கே இருக்கிறது? இந்த எளிய வினாவே இவ்வுரையின் மையம். இதற்குரிய விடையின் ஒரு பகுதியைத் தமிழின் மிகப் பழைய இலக்கண நூல் தன்னிடத்தே வைத்திருக்கிறது என்பதைக் காட்டுவதே இதன் நோக்கம்.

சொல் வந்த வழி

இன்று தமிழகத்தில் நோயாளரைப் பேணும் பயிற்சி பெற்றவரைச் ‘செவிலியர்’ என்கிறோம். அரசு ஆணைகளிலும் பாடநூல்களிலும் இச்சொல் நிலைபெற்றுவிட்டது. சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இச்சொல் புதிதன்று. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். நோயாளியைப் பேணுபவளுக்குப் பெயர் தேடிய இக்காலத் தமிழ், குழந்தையை வளர்த்தவளின் பெயரையே எடுத்துக் கொடுத்தது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் ‘தாதியர்’ என்று வழங்குவர். அச்சொல்லின் வடமொழி மூலமும் பாலூட்டி வளர்க்கும் தாயையே குறிக்கும். ஆங்கிலத்தின் ‘நர்ஸ்’ என்ற சொல்லும் ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததே. மூன்று மொழிகள் தனித்தனியே சென்று ஒரே முற்றத்தில் வந்து நிற்கின்றன. நோயாளியைப் பேணுதல் என்பது குழந்தையைப் பேணுதலின் நீட்சியே என்பது மொழிகள் கண்ட முடிவு.

உரையாசிரியர் மரபு செவிலித்தாயரை ஐவராக வகுத்துக் கூறும். நீராட்டுபவள் ஒருத்தி, உணவூட்டுபவள் ஒருத்தி, தாலாட்டி உறங்கவைப்பவள் ஒருத்தி, மழலை திருத்திப் பேச்சுப் பயிற்றுபவள் ஒருத்தி, கையில் ஏந்திச் சுமப்பவள் ஒருத்தி. இந்த ஐந்து தொழிலையும் ஒரு மருத்துவமனை வார்டில் வைத்துப் பார்ப்பது தகும். எழ இயலாத நோயாளியின் உடலைத் துடைத்தல், மூக்குக் குழாய் வழியேனும் உணவு செலுத்துதல், வலியில் புரள்பவரை ஆற்றி உறங்கச் செய்தல், பக்கவாதத்தால் நாக் குழறியவரைப் பேசப் பழக்குதல், படுக்கைப்புண் வராமல் தாங்கிப் புரட்டிவிடுதல். பழைய பட்டியல் அப்படியே பொருந்துகிறது. செல்வர் மனையில் ஒரு குழந்தைக்கு ஐவர் செய்த பணியை, இன்று ஒருத்தி பல நோயாளிகளுக்குச் செய்கிறாள். வீடு திரும்பியபின் தன் குழந்தைக்கும் அவளே செய்கிறாள்.

திருக்குறளின் மருந்து அதிகாரமும் ஈண்டு நினைக்கத்தக்கது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்த்து நான்கு என எண்ணி அவ்வதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். மருத்துவத்தின் காற்கூறு பேணுபவரிடம் உள்ளது என்பது இதன் பொருள். அந்நான்காமவருக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர் நோயாளிபால் அன்பையும், மனமொழிமெய்களின் தூய்மையையும், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மையையும், அறிவையும் கூறுவார். அன்பை மட்டும் அவர் கூறவில்லை, அறிவையும் கூறினார். பேணுதல் இயல்பாய் வருவது மட்டுமன்று, கற்றுத் தெளிய வேண்டியதும் ஆகும் என்ற கருத்து இவ்வுரையில் பொதிந்துள்ளது. கற்க வேண்டுமெனில் காலம் வேண்டும். தாயான ஒருத்திக்கு அக்காலத்தை யார் தருவது என்பதே சிக்கல்.

தொல்காப்பியர் சொன்ன உறவு

அகப்பாடல்களில் செவிலி பேசும் இடங்கள் பல. தலைவனோடு தலைவி சென்றபின் வீடு வெறிச்சோடுகிறது. செவிலி பாலை வழியில் தேடிச் செல்கிறாள். எதிர்வரும் அந்தணரை அவள் வினவ, அவர்கள் சந்தனமும் முத்தும் இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படாமை காட்டி அவளைத் தேற்றும் கலித்தொகைக் காட்சியை அறியாதவர் இவ்வவையில் இரார். அப்பாடல்களிலெல்லாம் செவிலியின் கண்ணீர் வளர்ப்பு மகளுக்காகவே வடிகிறது.

செவிலிக்குத் தன் வயிற்றுப் பிள்ளை இல்லையா? உண்டு. தோழி செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் களவியலில் தெளிவாகக் கூறுகிறது. படித்தவுடன் கடந்துபோகும் உறவுக்குறிப்பு அது. சற்றே நின்று நோக்கினால் அதனுள் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. செவிலி, பிறர் மகளைப் பேணும் பணியிலிருந்த தாய். அவள் பணி செய்த மனையிலேயே அவள் மகளும் வளர்ந்தாள். அம்மனையின் மகளோடு ஒருங்கே ஆடினாள். வளர்ந்தபின் அவளுக்கு உயிர்த்தோழியானாள். அகப்பாடல்களின் அறிவுக் கூர்மையுள்ள குரல் தோழியுடையது. தலைவனை மறித்துக் கேட்பவளும், தாயரிடம் செய்தியைப் பக்குவமாக எடுத்துச் சொல்பவளும், வரைவு கடாவுபவளும் அவளே.

அக்காலச் செவிலியின் நிலையை மிகைப்படுத்திப் போற்ற வேண்டுவதில்லை. அவள் பிறர் மனையை அண்டி வாழ்ந்தவள். எனினும் ஒன்று அவளுக்கு வாய்த்திருந்தது. பணியிடத்தில் அவள் பிள்ளைக்கு இடம் இருந்தது. தோழி என்னும் அரிய பாத்திரம் அந்த இடத்தின் விளைவு. இக்காலச் செவிலிக்குப் பெயர் கொடுத்த தமிழ், அவள் பிள்ளைக்குரிய அந்த முற்றத்தை உடன் கொடுக்கவில்லை.

‘சிஸ்டர்’ என்னும் மற்றொரு மரபு

ஏன் கொடுக்க இயலவில்லை என்பதற்கும் ஒரு சொல்லே விளக்கம் தருகிறது. எழுத்தில் செவிலியர் என்று வழங்கினாலும், மருத்துவமனையில் நோயாளி அழைப்பது ‘சிஸ்டர்’ என்றுதான். இது கன்னியர் மடங்களிலிருந்து வந்த அழைப்பு. ஐரோப்பாவில் நோயாளர் பணியை நெடுங்காலம் நடத்தியவர்கள் மடத்துச் சகோதரிகள். 1851-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சி பெற்ற ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையமும் இறைப்பணிக்குத் தம்மை ஒப்படைத்த சகோதரியர் நடத்தியதே. 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பள்ளியில் பயிற்சியாளர் ஒரே இல்லத்தில் தங்கி, கட்டுப்பாட்டோடு வாழ்ந்து கற்றனர். மணமாகாத பெண், விடுதி வாழ்க்கை, முழுநேர ஒப்படைப்பு என்ற அமைப்பு அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

இந்த அமைப்பு செய்த நன்மை பெரிது. இழிவாகக் கருதப்பட்ட தொழிலுக்கு மதிப்பும் முறையான கல்வியும் வந்தன. சென்னையில் 1854-இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியும், 1871-இல் அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியும் தொடங்கின. 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1946-இல் வேலூரிலும் தில்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. ஆனால் இவ்வளர்ச்சி முழுவதிலும் செவிலிய மாணவி என்றால் மணமாகாதவள், விடுதியில் இருப்பவள் என்ற எண்ணமே அடித்தளமாக இருந்தது. பெயரோ தாயின் பெயர். ஒழுங்கோ துறவியின் ஒழுங்கு. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டவளே தாயாகிய செவிலிய மாணவி.

இது வெறும் கருத்து முரண் அன்று. வாழ்வைக் குலைத்த முரண். இந்திய இராணுவத்தின் செவிலியப் பிரிவில் பணியாற்றிய அதிகாரி ஒருவர் திருமணம் செய்துகொண்ட காரணத்தால் 1988-இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு இடம் தந்த 1977-ஆம் ஆண்டின் ஆணை 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. எனினும் அவருக்கு முழு நீதி கிடைத்தது 2024 பிப்ரவரி 14 அன்றுதான். திருமணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று கூறிய உச்ச நீதிமன்றம், 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இடையில் 36 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

மூன்று பிள்ளைகளின் தாய், மாணவியாதல்

தாயான பெண் மருத்துவம் கற்க இயலாது என்பதை வரலாறு ஒப்பவில்லை. அதற்குச் சான்று சென்னையிலேயே உண்டு. மேரி ஷார்லிப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, வழக்கறிஞரான கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட இயலாத பெண்கள் பேறுகாலத்தில் முறையான உதவியின்றி மாய்வதை அறிந்து கலங்கினார். தாமே கற்பது என்று துணிந்து, முதலில் சென்னைப் பேறுகால மருத்துவமனையில் மருத்துவச்சிக்குரிய பயிற்சி பெற்றார். பிறகு 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது, சேர்ந்த நால்வருள் ஒருவரானார். அதற்கு அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்பரின் ஆதரவு துணைநின்றது. அப்போது அவர் மூன்று பிள்ளைகளின் தாய். 1878-இல் சென்னைப் படிப்பை முடித்து, இலண்டனில் 1882-இல் பட்டம் பெற்றார். 1883-இல் சென்னை திரும்பி, 1885-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றக் காரணரானார். திருவல்லிக்கேணியில் மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றழைத்த அந்நிலையமே இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

வங்கத்தின் காதம்பினி கங்குலி இந்தியப் பெண்ணின் சான்று. கல்கத்தாவில் மருத்துவம் பயின்ற காலத்தில் அவர் மணமானவர், தாயுமானார். பேறுகாலத்துக்காக அவர் வகுப்புக்கு வராதிருந்தது பதின்மூன்றே நாள்கள் என்று 1888-இல் ஒரு கடிதத்தில் வியந்து எழுதியவர், மணம் செய்துகொள்ளாத அதே நைட்டிங்கேல். அடுத்து நடந்ததும் அறியத்தக்கது. தொழில் செய்யும் தாயைப் பொறாத ‘வங்கவாசி’ என்ற இதழ் 1891-இல் காதம்பினியின் ஒழுக்கத்தை இழித்து எழுதியது. அவர் வழக்குத் தொடுத்தார். இதழாசிரியர் சிறை சென்றார்.

பதின்மூன்று நாள் என்பது வியப்புக்குரிய செய்திதான். ஆனால் அதைப் பெருமையாக மட்டும் பார்ப்பது சரியா? பிள்ளை பெற்ற உடலுக்குப் பதின்மூன்று நாள் ஓய்வு போதாது என்பதை எந்த மருத்துவச்சியும் சொல்வாள். தாய்மையை மறைத்துக்கொண்டால் மட்டுமே கல்வியில் இடம் என்ற நிலைமையின் அளவுகோல் அது.

மேரி ஷார்லிப் வாழ்ந்த காலத்துச் சென்னையின் ஆங்கிலேயர் இல்லங்களில் குழந்தைகளைப் பேண ஆயாக்கள் இருந்தனர். அவ்வாயாக்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பர். அப்பிள்ளைகளை யார் பேணினர் என்பதை எந்த நினைவுக்குறிப்பும் எழுதி வைக்கவில்லை. ஒரு தாய் கற்பதற்கு இன்னொரு தாய் தன் பிள்ளையை விட்டு வர வேண்டியிருக்கிறது. சங்கப்பாடலில் செவிலியின் மகள் பெயரின்றி நின்றாள். பேச்சாவது அவளுக்கு இருந்தது. ஆயாவின் மகளுக்கு அதுவும் இல்லை.

கற்கும் மொழி

தாயாகிய மாணவிக்கு நேரும் இன்னோர் இடர் மொழியால் வருவது. பள்ளிப்படிப்பைத் தமிழில் முடித்துச் சில ஆண்டுகள் இல்லறத்தில் கழித்து மீண்டும் கற்க வருபவள், உடற்கூறும் மருந்தியலும் ஆங்கிலத்தில் நிற்பதைக் காண்கிறாள். குழந்தை உறங்கியபின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் பாதி, அகராதியோடு கழிகிறது. இது தவிர்க்க முடியாத ஒன்றா?

யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் 1848 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் பேறுகால மருத்துவம் பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857-இலும், அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867-இலும் தமிழில் வெளிவந்தன. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் அப்பொருளைத் தாங்கியது என்பதற்கு இவை கரி. நல்ல தமிழில் செவிலிய நூல்கள் எழுதப்படுவது, பட்டம் பெற்ற தமிழாசிரியர்க்கு உரிய பணி மட்டுமன்று. இரவில் பிள்ளையைத் தொட்டிலில் இட்டுப் படிக்கும் ஒருத்திக்குச் செய்யும் நேரடி உதவியும் ஆகும்.

நாமக்கல் சமவெளியில்

இனி இம்மண்ணின் நிலையை நோக்கலாம். 1997 ஜனவரி முதல் நாளன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், வண்டிகளும் வழிகளும் ஆளும் நிலம். நாமக்கல்லின் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் தங்குகின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் இரவும் பகலும் ஒலிக்கின்றன. கோழிப்பண்ணைக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் விடுமுறை நாள் கிடையாது. இத்தகைய நிலத்தில் பல வீடுகளில் தந்தை என்பவர் தொலைபேசியில் கேட்கும் குரல். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுபவள் தாய் ஒருத்தியே.

இதே வண்டிச் சாலைகள் மற்றொரு துயரையும் கொண்டுவந்தன. 1990-களின் பிற்பகுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகத்தில் எச்.ஐ.வி. தொற்று மிகுந்திருந்த மாவட்டங்களுள் நாமக்கல் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தியாவில் தொடங்கியது 2004-இல். அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் நோயுற்ற கணவனைக் கடைசிவரை பேணியவர்கள் இளம் மனைவியர். கையில் குழந்தை, உடலில் அதே தொற்று, வாயிலில் உறவினரின் விலக்கு. எந்தப் பள்ளியும் பயிற்றாத செவிலியர் அவர்கள். நாமக்கல் மண்ணைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, தொற்றுக்கு ஆளான பெண்களுக்கென ஒரு கூட்டமைப்பை 1998-இல் உருவாக்கிய செயல், அத்துயரிலிருந்து எழுந்த அறிவின் குரல்; தோழியின் குரல் என்று கூறினும் பொருந்தும்.

முறையான செவிலியத்துக்கு வருவோம். சிற்றூரில் மக்கள் ‘நர்ஸம்மா’ என்றழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியரே தாய்மை, கல்வி, பணி மூன்றும் ஒருவரிடத்தே கூடிய உண்மையான எடுத்துக்காட்டு. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம்; கொல்லிமலை போன்ற மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று என்பது அரசு வகுத்த அளவு. கருவுற்றவரைப் பதிவு செய்தல், எடையும் குருதியழுத்தமும் பார்த்தல், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தல், பேறு முடிந்த வீட்டுக்குச் சென்று பச்சைக் குழந்தையைக் காணுதல், புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுதல் ஆகியன அவர் தொழில்கள். ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பதும் விதி. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் அவர் குழந்தையும் விழித்துக்கொள்ளும்.

தமிழகத்தில் அங்கன்வாடிப் பணியாளருள் தகுதியுடையோர்க்குத் துணைச் செவிலியப் பயிற்சி அளித்து, இப்பணிக்குக் கொண்டுவந்த ஏற்பாடு மிகவும் கருதத்தக்கது. அவ்வாறு வந்தவர் பலர் ஏற்கெனவே தாயர். முப்பது வயதைக் கடந்தவர். ஊராரின் பிள்ளைகளுக்குச் சத்துமாவும் பாட்டும் ஊட்டியவர்கள், மீண்டும் மாணவியராகி நாடித்துடிப்பு எண்ணவும் ஊசி போடவும் பேறு பார்க்கவும் கற்றனர். செவிலித்தாய் என்னும் பழஞ்சொல் செவிலியர் என்னும் புதுச்சொல்லாக மாறிய பயணத்தை அவர்கள் தம் வாழ்விலேயே நடந்து முடித்தனர். தாய்மை இப்படிப்புக்குத் தடை என்ற எண்ணத்துக்கு அவர்களே மறுப்பு. அழும் குழந்தையின் குரலில் பசி எது, வலி எது என்று பிரித்தறியும் செவி அவர்களுக்குப் பாடத்துக்கு முன்பே வாய்த்திருந்தது.

அவர்கள் படித்த காலத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தன? இந்நாட்டு வழக்கப்படி விடை ஒன்றுதான்: அம்மாயி வீட்டில், அல்லது அப்பத்தாவிடம். கொங்கு நாட்டின் பெண் கல்வி வரலாற்றை எழுதுவோர் கல்லூரிகளின் பெயரை மட்டும் எழுதுவது நிறைவாகாது. பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டு மகளைப் பேருந்து ஏற்றிவிட்ட அம்மாயியின் பெயரையும் எழுத வேண்டும். அம்மாயி இல்லாத பெண், நோயுற்ற மாமியாரை உடைய பெண், காதல் மணத்தால் இருவீட்டாலும் கைவிடப்பட்ட பெண் என்ன செய்வாள்? அவள் படிப்பை நிறுத்துகிறாள். நிறுத்தியவர்களின் எண்ணிக்கை எந்த மேடையிலும் வாசிக்கப்படுவதில்லை.

சட்டம் நிற்கும் இடம்

பணியிலுள்ள தாய்க்குச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம் என்றும் அத்திருத்தம் கூறியது. தமிழக அரசின் நிரந்தரப் பணியாளர்க்கு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்ந்தது.

செவிலிய மாணவியோ இச்சட்டத்தின் கணக்கில் பணியாளர் அல்லர். ஆனால் அவள் வார்டில் நிற்கிறாள், இரவுப் பணி செய்கிறாள், புண் கட்டுகிறாள், பேறு பார்க்கிறாள். இந்திய செவிலியர் மன்றத்தின் விதிப்படி தேர்வெழுத 80 விழுக்காடு வருகையும், பட்டம் பெறுமுன் செய்முறைப் பயிற்சியில் 100 விழுக்காடு நிறைவும் வேண்டும். நோயாளியின் உயிர் சார்ந்த கல்வியில் இத்தகைய கண்டிப்பு தேவையே. குறை அவ்விதியில் இல்லை. விடுபட்ட நாளைத் தாயானவள் தன் காலத்துக்கேற்பப் பின்னர் நிறைவு செய்ய உறுதியான வழி எல்லாக் கல்லூரியிலும் இல்லாமையே குறை. பெண் மாணவியர்க்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் பற்றி உரிய விதிகளை வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் உயர்கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்வது ஆணையாகாது.

இதில் ஒரு கசப்பான பொருத்தமின்மை உண்டு. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதைச் செவிலிய மாணவி பாடமாகப் படிக்கிறாள். வார்டில் பிற தாயர்க்கு எடுத்துரைக்கிறாள். அதற்கு மதிப்பெண்ணும் பெறுகிறாள். அதே வேளையில் பால் கட்டிக்கொண்ட மார்போடு அவளே கழிப்பறையின் மூலையில் நின்று பாலைப் பிழிந்து கொட்ட நேர்கிறது. கற்பிக்கும் பாடத்தைக் கடைப்பிடிக்கக் கற்பவளுக்கே இடமில்லை எனில், அக்கல்வியில் ஒரு பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது என்றே பொருள்.

2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் செவிலியக் கல்லூரிகளும் பல உள்ளன. கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வளாகத்திலும் ஓர் அறை போதும்: ஒரு தொட்டில், ஒரு பாய், ஓர் ஆயா. அந்த ஆயாவின் பிள்ளைக்கும் அதே அறையில் இடம்.

கவிஞர்க்கு ஒரு சொல்

‘சமநிலை’ என்ற சொல் இப்பொருளில் மிகுதியும் ஆளப்படுகிறது. துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டே; இப்பெண்ணுக்கோ மூன்று. மூன்று தட்டுகளை ஒருத்தி ஒரு கையால் தூக்கி நிற்பதைக் கண்டு கைதட்டுவது எளிது. ஒரு தட்டைச் சற்று நேரம் வாங்கிக்கொள்வதே உதவி. தாய்மையைத் தெய்வமாக்கும் கவிதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. வெண்ணிற உடையில் தேவதையைக் காணும் கவிதைகளும் போதுமான அளவு உள. தெய்வத்துக்கும் தேவதைக்கும் உறக்கம் தேவையில்லை, காப்பகமும் தேவையில்லை. அப்படிப் பாடிப் பாடியே அவள் கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்தாயிற்று.

எழுதப்படாமல் இருப்பது வேறு. செவிலி கூற்று ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதில் செவிலி தன் மகளைப் பற்றிப் பேசும் துறை விரிவு பெறவில்லை. இரவுப் பணி முடிந்து முதல் பேருந்தில் திரும்புபவளின் கூற்று, அம்மா வருமுன் உறங்கிப்போன குழந்தையின் கூற்று, பேத்தியை மடியில் கிடத்திய அம்மாயியின் கூற்று ஆகியன புதிய அகத்துறைகளாக விரியத்தக்கவை. பாலை என்பது இன்று மணல்வெளி அன்று. வீட்டுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட முப்பது கிலோமீட்டர்.

அன்று செவிலி பணி செய்த முற்றத்தில் அவள் மகளுக்கும் இடம் இருந்தது. ஆதலால் இலக்கியத்துக்குத் தோழி கிடைத்தாள். இன்றைய செவிலியின் மகளுக்கும் அவ்விடத்தைக் கேட்பது சலுகை வேண்டுதல் அன்று. தமிழ் முன்னரே ஒப்புக்கொண்ட ஓர் உறவை நினைவூட்டுதல் மட்டுமே. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டு மலரில் செவிலியின் மகள் ஒருத்தி தன் கவிதையோடு வந்து நிற்பாளாயின், அன்று இவ்வுரைக்குப் பயன் விளைந்ததாகக் கொள்ளலாம்.